வெள்ளம் வடிஞ்ச பிறகு மிருகங்களுக்கு முதல்ல என்ன வேணும்?

கொழும்புல ரெண்டு நாள் விடாம மழை பெஞ்சா எல்லாரும் பாக்கிறது நாகலகம் வீதி அளவுகோல்ல களனி கங்கை எத்தனை அடியில நிக்குது எண்டதைத்தான். அடி ஏற ஏற வெல்லம்பிட்டி, கொலன்னாவ, சேதவத்த, களனி, கடுவெல பக்கமெல்லாம் சனம் சாமான்களைத் தூக்கி மேல வைக்கத் தொடங்கும், வாட்ஸப் குரூப்ல போட்காரங்கட நம்பர் வரும், அதுக்குப் பிறகு ஒரு வீடியோ வரும், கழுத்தளவு தண்ணியில ஒரு பெடியன் நாய்க்குட்டியைத் தலைக்கு மேல தூக்கிக்கொண்டு வாற வீடியோ. எல்லாரும் ஷெயார் பண்ணுவம், அந்தப் பெடியன்ட துணிவைக் கையெடுத்துக் கும்பிடலாம், அதில ஒரு குறையும் இல்ல. ஆனா அந்த வீடியோ முடியிற இடத்திலதான் மிருகங்கள்ட நீண்ட கஷ்டம் தொடங்குது. தண்ணி வடிஞ்சு ரெண்டாம் கிழமை, மூண்டாம் கிழமை எத்தனையோ மிருகம் பட்டினியிலயும் குளிர்லயும் வருத்தத்திலயும் போய்ச் சேருது, அந்த நேரம் கமரா இல்ல, காசும் இல்ல, கதைக்க ஆளும் இல்ல.

என்ட நிலைப்பாட்டை முதல்லயே சொல்லிடுறன். அனர்த்தம் நடந்தா மிருகத்தை எங்கயோ தூரத்தில ஒரு ஷெல்டருக்கு ஏத்திக்கொண்டு போறது கடைசி வழி. அதை அதின்ட ஆக்களுக்கும் அதின்ட இடத்துக்கும் எவ்வளவு கிட்ட வச்சிருக்க ஏலுமோ அவ்வளவு கிட்ட வச்சிருந்து, சாப்பாடு, தண்ணி, தடுப்பூசி எல்லாத்தையும் அங்கயே கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் கூட மிருகத்தைக் காப்பாத்தும், செலவும் குறைவு. ஏன் இப்பிடிச் சொல்றன் எண்டதை ஒவ்வொண்டாப் பாப்பம்.

எல்லாத்துக்கும் முதல் வாறது கயிறு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு யால சரணாலயத்தில பெரிய மிருகங்கள் செத்துக் கிடந்தது மிகக் குறைவு எண்டு செய்தி வந்தது ஞாபகம் இருக்கும், அதைக் கேட்டுட்டு நிறையப் பேர் “மிருகத்துக்கு முன்கூட்டியே தெரியும், அது தன்னைத் தானே பாத்துக்கொள்ளும்” எண்டு இண்டைக்கும் சொல்லுவாங்க. யால யானைக்கு ஓட மேட்டுநிலம் இருந்தது, காலில கயிறு இல்ல. எங்கட வீட்டு நாய்க்கு சங்கிலி இருக்கு, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இருக்கு, கோழிக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் பூட்டின கூடு இருக்கு. நாய், மாடு, ஆடு மூண்டும் நீந்தும், மாடு நல்லாவே நீந்தும், ஆனா கட்டில நிக்கிற மாட்டுக்கு நீந்தத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? சனம் மனமில்லாம விட்டுட்டுப் போறதில்ல, “தண்ணி இந்த மட்டுக்கு வராது, பின்னேரம் திரும்பி வந்திடலாம்” எண்டு நினைச்சுத்தான் போறாங்க. 2016 மே மாசம் கொலன்னாவ பக்கம் அப்பிடி நினைச்சுப் போனவங்க நாள்கணக்கா வீட்டுப் பக்கம் போக ஏலாமத்தான் இருந்தாங்க.

இந்த நினைப்பு எவ்வளவு கொடூரமான முடிவுக்குக் கொண்டுபோகும் எண்டதுக்கு ஜப்பான் உதாரணம் இருக்கு. 2011 மார்ச்சில ஃபுகுஷிமா அணு உலை வெடிச்சு 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள இருந்த எல்லாரையும் வெளியேறச் சொன்ன நேரம், பண்ணைக்காரங்க சில நாள்ல திரும்பலாம் எண்ட நம்பிக்கையில மாடுகளைத் தொழுவத்திலயே விட்டுட்டுப் போனாங்க. திரும்ப விடேல்ல. ஆயிரக்கணக்கான மாடுகள், அதை விடக் கூடப் பன்றிகள், கோழிகள், நிண்ட இடத்திலயே பட்டினியில செத்தது, மே மாசம் மிச்சம் இருந்ததையும் கொல்லச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போட்டது. அந்தப் பாடத்துக்குப் பிறகு 2013ல அந்த நாட்டுச் சூழல் அமைச்சு, வெளியேறேக்க வீட்டு மிருகத்தையும் கூட்டிக்கொண்டுதான் வெளியேறோணும் எண்டு வழிகாட்டல் எழுதி வச்சது.

அதனால கொண்டுபோக ஏலுமெண்டா கொண்டுபோங்க, ஏலாதெண்டா அவிழ்த்து விடுங்க. அவிழ்த்து விட்டா மாடு களவு போயிடும் எண்ட பயம் எனக்கு விளங்குது, அது இல்லாத பயம் இல்ல, மாட்டுக் களவு இங்க நடக்கிற விசயம்தான். நாய் கழுத்துப் பட்டியில அழியாத மார்க்கர் பேனையால ஃபோன் நம்பர், மாட்டின்ட முதுகில பெயின்டால ஒரு அடையாளம், அதோட நீங்களும் மிருகமும் சேந்து நிக்கிற ஒரு ஃபோட்டோ ஃபோன்ல இருந்தா பிறகு “இது என்ட” எண்டு காட்ட ஏலும். பூனைக்குத் தலையணை உறை போதும், உள்ள விட்டு வாயைக் கட்டினா மூச்சும் விடும், போட்ல பிராண்டிக் குதிக்கவும் மாட்டுது.

ரெண்டாவது விசயம், “மனுசரைப் பாத்த பிறகு மிருகத்தைப் பாப்பம்” எண்டு சொல்றவங்க கவனிக்காத விசயம். மிருகத்தை விட்டுட்டு வர மனமில்லாமலே வீட்டை விட்டு வெளிக்கிடாத மனுசர் எல்லா ஊர்லயும் இருக்காங்க. 2005 ஓகஸ்ட்ல அமெரிக்காவில கத்ரீனா சூறாவளி அடிச்ச பிறகு செய்த ஒரு கருத்துக்கணிப்பில, வெளியேறாம நிண்டவங்கள்ல 44 வீதம் பேர் தங்கட செல்லப்பிராணியை விட்டுட்டுப் போக விருப்பமில்லாததும் ஒரு காரணம் எண்டு சொல்லியிருந்தாங்க. மீட்க வந்தவங்க நாயை ஏத்த மாட்டம் எண்டதால வீட்டிலயே நிண்டு உயிரை விட்ட சனம் இருக்கு. அடுத்த வருசமே, 2006ல, அங்க ஒரு சட்டம் வந்தது, அனர்த்த நிதி வேணுமெண்டா மாநிலங்கள்ட வெளியேற்றத் திட்டத்தில செல்லப்பிராணி வச்சிருக்கிற குடும்பங்களுக்கும் இடம் இருக்கோணும் எண்டு. பாசத்தில போட்ட சட்டம் எண்டதை விட, மனுச உயிரைக் காப்பாத்தப் போட்ட சட்டம் எண்டு சொல்றதுதான் சரி.

இங்க அது எப்பிடி இருக்கு எண்டு 2016 வெள்ளத்தில கண்ணால பாத்தன். ஒரு பாடசாலை முகாமுக்குச் சோத்துப் பார்சல் குடுக்கப் போன நேரம், உள்ள மண்டபத்தில இடம் இருந்தும் வெளி விறாந்தையில, சாரல் அடிக்கிற பக்கமா ஒரு அம்மா இருந்தா, பக்கத்தில செம்மண் நிறத்தில ஒரு கிழட்டு நாய். “ஏனம்மா வெளிய இருக்கிறீங்க, உள்ள போங்கோவன்” எண்டு கேட்டன். “இவன உள்ள விட ஏலாதாம் தம்பி. இவன விட்டுட்டு நான் மட்டும் உள்ள போய் என்ன செய்ய?” எண்டா. பார்சலைப் பிரிச்சு, கறி உறைப்பெண்டபடியால கறி படாத வெள்ளைச் சோத்தை மட்டும் விரலால கிள்ளிக் கிள்ளி ஒரு ஷொப்பிங் பேக் மேல வச்சா, பருப்பை மட்டும் வழிச்சு அதோட குழைச்சா, நாய் திண்டு முடிக்கும் வரைக்கும் தான் ஒரு வாயும் வைக்கேல்ல. ரா முழுக்க அவ அந்த ஈரத்திலதான் இருந்திருப்பா.

உள்ள இருந்த சனத்தையும் நான் குறை சொல்ல மாட்டன். ஒரே மண்டபத்தில கைக்குழந்தை இருக்கு, இழுப்புக்காரர் இருக்காங்க, நாய்க்குப் பயந்த பிள்ளைகள் இருக்கு, கொலன்னாவ வெல்லம்பிட்டிப் பக்கம் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய, நாய்ட எச்சில் பட்டா அவங்களுக்குத் தொழுகைக்குச் சுத்தம் செய்யவேண்டி வரும், தண்ணியே இல்லாத முகாமில அது எவ்வளவு கஷ்டம் எண்டு யோசிச்சுப் பாருங்க. அவங்கட பக்கமும் நியாயம், அந்த அம்மாட பக்கமும் நியாயம், தப்பு என்னெண்டா முன்கூட்டியே ஒரு இடம் ஒதுக்காததுதான். எந்தப் பாடசாலையிலயும் ஒரு சைக்கிள் ஷெட் இருக்கும், இல்லாட்டி பின்பக்கம் ஒரு தாழ்வாரம் இருக்கும். நாய்கள் ஒண்டையொண்டு எட்டாத தூரத்தில கட்ட கொஞ்சக் கயிறு, பூனைக்கு வேற மூலை, ஒரு வாளி தண்ணி, மரத்தூள், ஒரு மண்வெட்டி, ஒரு போத்தல் கிருமிநாசினி, இவ்வளவு போதும். சொந்தக்காரரே வந்து சாப்பாடு வைப்பாங்க, துப்பரவாக்குவாங்க, ஆள் போட்டுச் சம்பளம் குடுக்கத் தேவையில்ல.

இனி தெரு நாய். கொழும்புல தெரு நாய் எண்டு நாங்க சொல்றதில முக்கால்வாசி ஆரோ ஒருத்தர் பாத்துக்கொள்ற நாய்தான், நாலு வீட்டு மிச்சச் சோறு, சாப்பாட்டுக் கடைப் பின்பக்கம், மீன் கடை வாசல், இதை நம்பித்தான் அதின்ட சீவியம். வெள்ளம் வந்து அந்த நாலு வீடும் முகாமுக்குப் போய், கடையும் பூட்டினா, நாய் மதில் மேலயோ மாடிப்படியிலயோ ஏறி உயிர் தப்பினாலும் அடுத்த நாள்ல இருந்து பட்டினி. குடிக்கிறதுக்கு வெள்ளத் தண்ணி மட்டும்தான், அதுக்குள்ள கக்கூஸ் தண்ணி, எண்ணெய், செத்த எலி எல்லாம். அதனால தெரு நாய்க்கு முதல் உதவி எண்டா நல்ல தண்ணியும் ஒரே இடத்தில ஒரே நேரத்தில சாப்பாடும். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு இருநூறு கிராம் அளவுக்கு உலர் தீனி காணும், இல்லாட்டி சோத்தோட கொஞ்சம் மீனோ சோயா மீட்டோ வெங்காயம் மிளகாய் போடாம அவிச்சுக் குடுக்கலாம். ஒரே இடத்தில குடுக்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அங்கதான் தடுப்பூசி போட ஏலும்.

விசர் நோய் விசயத்தில இலங்கை எவ்வளவு தூரம் வந்திருக்கு எண்டது பெரிய விசயம். 1970களில வருசத்துக்கு நூத்துக்கணக்கான சனம் விசர் நோயால செத்த நாடு இது, இப்ப அது வருசத்துக்கு இருபது முப்பது எண்ட மட்டுக்குக் குறைஞ்சிருக்கு. ஒரு பக்கம் நாய் கடிச்சவங்களுக்கு அரச ஆஸ்பத்திரியில இலவசமா ஊசி, மற்றப் பக்கம் நாய்களுக்குத் தடுப்பூசி, கருத்தடை. நாய் பிடிச்சுக் கொல்றதை 2006ல இருந்து நிப்பாட்டியாச்சு, நிப்பாட்டின பிறகும் சாவு கூடேல்ல, முந்தி இருந்ததை விடக் குறைஞ்சுதான் இருக்கு, அதுவே கொல்றது தேவையில்ல எண்டதுக்குச் சாட்சி. ஒரு பகுதியில இருக்கிற நாய்கள்ல 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டிருந்தா நோய் பரவுற சங்கிலி அறும் எண்டுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

வெள்ளம் இந்த 70 வீதத்தைத்தான் குழப்புது. ஒரு தெருவில இருந்த நாய்க் கூட்டம் தண்ணியில கலைஞ்சு மேட்டில இருக்கிற வேற தெருவுக்குப் போகுது, அங்க இருக்கிற நாய்கள் விடாது, சண்டை, கடி, நடுவில மனுசரும் கடி வாங்குறாங்க. பசியில இருக்கிற நாய் முகாம் வாசல்ல குவியுது. கடி வாங்கின ஆள் சவக்காரம் போட்டு ஓடுற தண்ணியில பதினைஞ்சு நிமிசம் காயத்தைக் கழுவோணும், அதுதான் முதல் மருந்து, முகாமில பைப்ல தண்ணி வருமோ எண்டதே கேள்வி. ஊசி மருந்தை 2 தொடக்கம் 8 பாகை செல்சியஸ்ல வச்சிருக்கோணும், கரன்ட் இல்லாத ஊரில ஃபிரிட்ஜ் வேலை செய்யாது. இதெல்லாம் சேத்துப் பாத்தா நாய்த் தடுப்பூசி எண்டது மழைக்கு முதலே முடிக்கவேண்டிய வேலை, மழைக்குப் பிறகு போடுறது விட்டுப்போனதுக்கும் புதுசாப் பிறந்த குட்டிகளுக்கும்.

இந்த இடத்திலதான் ஷெல்டர்காரங்களோட எனக்கு மனவருத்தம். நல்ல மனசோடதான் லொறியில ஏத்திக்கொண்டு போறாங்க. ஆனா நூறு நாயை ஒரு கூரைக்குக் கீழ அடைச்சா நாய்க்கு நாய் தொத்துற பார்வோ, டிஸ்டெம்பர் எண்ட வருத்தங்கள் ஒரு கிழமையில சுத்தி வரும், குட்டிகள் முதல்ல போகும். ஏத்திக்கொண்டு போன நாயைத் தேடி வீட்டுக்காரர் வந்தா எங்க தேடுவாங்க? கத்ரீனாவில மீட்ட நாய் பூனைகளை வேற மாநிலங்களுக்கு அனுப்பிட்டு, பிறகு சொந்தக்காரர் கோடு கச்சேரி ஏறி “என்ட நாயைத் தா” எண்டு கேட்ட கதை எத்தனையோ. காயம் பட்டது, தாய் இல்லாத குட்டி, ஒரு மேடும் இல்லாத இடத்தில மாட்டினது, இதுகளை எடுத்துப் போங்கோ, கட்டாயம் எடுத்துப் போங்கோ. நல்லா நிக்கிற நாயை அதின்ட தெருவில விட்டு அங்க போய்ச் சாப்பாடு வையுங்கோ.

எலிக்காய்ச்சலைப் பத்தி எல்லாருக்கும் தெரியும், 2008ல ஒரு வருசத்தில மட்டும் ஏழாயிரத்துக்கும் மேல நோயாளர் எண்டு பதிவானது. எலி, மாடு, நாய் எல்லாத்தின்ட மூத்திரத்திலயும் அந்தக் கிருமி வரலாம், ஈரச் சேத்தில உயிரோட கிடக்கும். வீடு கழுவப் போறவங்க பூட்ஸ் போடுங்கோ, பிஎச்ஐ ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) குளிசை தந்தா சொன்னபடி குடியுங்கோ, நாய்க்கு அடிச்சுக் கலைக்கிறதால எலிக்காய்ச்சல் குறையாது.

கொழும்புல இருந்து பாக்கேக்க நாய் பூனை மட்டும்தான் கண்ணில படும், ஆனா கூடச் சாகிறதும் கூட நட்டப்படுத்துறதும் ஆடு மாடு கோழிதான். 2022 டிசம்பர் மாசத்தை மறந்திருக்க மாட்டீங்க, மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில நிண்ட நேரம் வடக்கிலயும் கிழக்கிலயும் ஆயிரத்துக்கும் மேல மாடு, எருமை, ஆடுகள் ரெண்டு மூண்டு நாளுக்குள்ள விழுந்து செத்தது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, திருகோணமலை, மட்டக்களப்பு எண்டு ஒவ்வொரு இடமா ஃபோட்டோ வந்தது, வெட்டையில வரிசையா விழுந்து கிடந்த மாடுகள். ஏதோ புது நோய் எண்டு பயந்து அந்த ரெண்டு மாகாணத்தில இருந்தும் இறைச்சி கொண்டுவாறதையே கொஞ்ச நாள் நிப்பாட்டினாங்க. பேராதனையில பரிசோதிச்சுப் பாத்துட்டுச் சொன்னது நோயில்ல, குளிர் எண்டு. எங்கட வெயிலுக்குப் பழகின மாடு, பட்டியில வெட்டவெளியில நிக்குது, உடம்பு நனைஞ்சு, அதுக்கு மேல காத்து, வெப்பநிலை திடீரெண்டு இறங்கிட்டுது, மேய்ச்சல் இல்லாம வயிறும் காலி. மாட்டின்ட வயித்துக்குள்ள வைக்கோல் மாதிரி நார்த் தீனி நொதிக்கேக்கதான் உள்ளுக்குள்ள சூடு வரும், வயிறு காலியெண்டா அந்தச் சூடும் இல்ல. காத்தை மறிக்க ஒரு பக்கம் தறப்பாள், காய்ஞ்ச வைக்கோல், முதல் நாளே ஒரு எச்சரிக்கை, இது கிடைச்சிருந்தா எத்தனையோ மாடு தப்பியிருக்கும். எங்கட எச்சரிக்கை எல்லாம் மீன்பிடிக்கிறவங்களுக்கும் ஆத்தோரம் இருக்கிறவங்களுக்கும் போகுது, பட்டிக்காரனுக்கு எண்டு ஒரு வரி போறதில்ல. அது செலவே இல்லாத வேலை.

மாட்டுக்கு எவ்வளவு வேணும் எண்டதைத் தெரிஞ்சு வச்சாத்தான் உதவி செய்யிறவங்களுக்கு அளவு விளங்கும். பச்சைப் புல் எண்டா உடம்பு எடையில பத்தில ஒரு பங்கு, 300 கிலோ மாட்டுக்கு நாளைக்கு 30 கிலோ. பால் மாட்டுக்குத் தண்ணி 40, 50 லீட்டர். பத்து மாட்டுக்கு ஒரு கிழமைக்கு எத்தனை லொறி புல் எண்டு கணக்குப் போடுங்க, கொழும்புல இருந்து புல் ஏத்தி அனுப்பிக் கட்டுப்படியாகாது. பக்கத்தில வெள்ளம் படாத ஊரில வைக்கோலோ சோளத் தட்டையோ வாங்கக் காசு குடுக்கிறதுதான் புத்தி, அந்த ஊர்க் கமக்காரனுக்கும் அதால நாலு காசு. நனைஞ்ச புண்ணாக்கு மூட்டையை வெயில்ல காய வச்சுத் திரும்பக் குடுக்கிறதை மட்டும் செய்யாதீங்க. மேல் பக்கம் காய்ஞ்ச மாதிரித்தான் இருக்கும், கையை உள்ள விட்டா சூடாக் கட்டி கட்டியா, சாம்பல் பச்சை நிறத்தில பூஞ்சணம் பிடிச்சு, புளிச்ச மணம் அடிக்கும். அந்தப் பூஞ்சணத்தில வாற நஞ்சு ஈரலைத் தாக்கும், பாலிலயும் இறங்கும், அந்தப் பாலைக் குடிக்கிறது வீட்டுப் பிள்ளை.

கறக்காம விட்ட மாட்டைப் பத்தியும் சொல்லோணும். முகாமில இருக்கிற ஆள் ரெண்டு நாள் கறக்காம விட்டா மடி கல்லு மாதிரி இறுகும், சேத்தில படுத்திருந்தா காம்பு வழியாக் கிருமி ஏறி மடிநோய் வரும், பிறகு அந்தக் காம்பில பால் வாறதே சந்தேகம். நாள்கணக்கா ஈரத்தில நிண்டா குளம்பு அழுகும், நொண்டி நொண்டி மேயாமலே மெலியும். ரெண்டும் வெள்ளத்தில அடிபட்ட மாதிரி வெளிய தெரியாது, ஆனா அந்தக் குடும்பத்தின்ட வருமானம் அங்க முடிஞ்சுது.

2025 நவம்பர் கடைசியில வந்த டித்வா புயல்ல 600க்கும் மேல சனம் செத்தது, மண்சரிவில கண்டி, பதுளை, நுவரெலியா பக்கம் நாசமாப் போனது. தோட்டத்தில லயன்ல இருக்கிற எங்கட சனத்துக்கு ஒரு மாடோ ரெண்டு ஆடோதான் வங்கிக் கணக்கு, சம்பளம் சாப்பாட்டுக்கு, மாடு பிள்ளைட படிப்புக்கு. மண்சரிவு அபாயம் எண்டு அந்த லயனை விட்டு இறங்கச் சொல்றது சரிதான், 2014ல மீரியபெத்தையில லயன்கள் மண்சரிவில புதைஞ்சதைப் பாத்த நாடு இது. ஆனா மனுசனை மட்டும் இறங்கச் சொல்லிட்டு மாட்டுக்கு ஒரு இடம் காட்டாட்டி, அவன் விடியக் காலம நாலு மணிக்கு ஆருக்கும் தெரியாம அந்த மலையில ஏறித்தான் போவான், புல் வெட்டவும் பால் கறக்கவும். அந்த நேரம் மலை திரும்பச் சரிஞ்சா? கீழ பாதுகாப்பான இடத்தில தறப்பாள் போட்ட ஒரு பொது மாட்டுக் கொட்டில், அது மனுச உயிரைக் காப்பாத்துற வேலை, அனர்த்தக் காசில முதல் நாளே அதுக்கு ஒதுக்கோணும் எண்டு நான் ஒளிவுமறைவில்லாமச் சொல்லுவன்.

பங்களாதேசத்தில இதை எப்பவோ விளங்கிக்கொண்டாங்க. 1970 போலா சூறாவளியில லட்சக்கணக்கில சனமும் மாடும் போன பிறகு, கரையோரக் கிராமங்கள்ல மண்ணைக் குவிச்சு “கில்லா” எண்டு மேடு கட்டினாங்க, எச்சரிக்கை வந்தா மாட்டை அங்க ஏத்திட்டு மனுசர் பக்கத்திலயே ஒதுங்கலாம். பெரிய தொழில்நுட்பம் ஒண்டும் இல்ல, மண் மேடு. களனிக் கரையில மாடு வச்சிருக்கிறவங்களும் ஆத்துக் கட்டிலயும் ரோட்டு மேட்டிலயும்தான் கட்டுறாங்க, அதுக்கு ஒரு ஒழுங்கான இடமும் தண்ணித் தொட்டியும் இருந்தாக் காணும்.

கால்நடைக்கான அவசரகால உதவி எப்பிடி இருக்கோணும் எண்டு 2009ல இருந்து ஒரு சர்வதேச வழிகாட்டல் இருக்கு, லெக்ஸ் எண்டு சொல்லுவாங்க, அதைப் பாத்தா தீனி, தண்ணி, கொட்டில், மிருக வைத்தியம் எல்லாம் உடனடிக் காலத்துக்கு, புது மாடு ஆடு வாங்கிக் குடுக்கிறது எல்லாம் ஆறின பிறகு. இங்க தலைகீழா நடக்கிறதுதான் கூட, ஏனெண்டா மாடு கையளிக்கிற ஃபோட்டோ நல்லா வரும். கொட்டில் இல்லாத, புல்லு முளைக்காத நிலத்தில புது மாட்டைக் குடுத்தா அது குடும்பத்துக்கு இன்னொரு பாரம், மாட்டுக்கு இன்னொரு பட்டினி. இருக்கிற மாட்டைச் சாக விடாமப் பாக்க ஆகிற செலவு புது மாட்டின்ட விலையில ஒரு சின்னப் பங்குதான்.

சிலதைக் காப்பாத்த ஏலாது, அதையும் மனசு வச்சுக் கதைக்கோணும். முதுகெலும்பு உடைஞ்சு எழும்பவே ஏலாத மாடு, மண்ணுக்குள்ள இருந்து எடுத்த நாய் குடல் வெளிய வந்து துடிச்சுக்கொண்டு கிடக்குது, சுத்தி நிக்கிற சனம் பாவம் பாவம் எண்டு சொல்லுது, வைத்தியர் ஊசி போட்டு அனுப்புவம் எண்டா “பாவம் செய்யாதீங்கோ” எண்டு தடுக்கிறாங்க. எங்கட ஊர்ல பௌத்தருக்கும் இந்துக்களுக்கும் இதில தயக்கம் இருக்கு, அந்தத் தயக்கம் இரக்கத்தில வாறது, மதிக்கிறன். ஆனா ரெண்டு நாள் வெயில்ல துடிச்சுச் சாக விடுறதை என்னால இரக்கம் எண்டு ஏற்க ஏலாது. அந்த முடிவை மிருக வைத்தியர் எடுக்கட்டும், பக்கத்தில நிக்கிறவங்க சொந்தக்காரனைப் பிடிச்சு ஆறுதல் சொல்லட்டும்.

காட்டு மிருக விசயம் சுருக்கமா. கொழும்பு 2018ல ராம்சார் எண்ட சர்வதேச ஈரநில உடன்படிக்கையின்ட கீழ ஈரநில நகரம் எண்டு அங்கீகாரம் எடுத்த ஊர், எங்கட சதுப்புநிலத்தில மீன்பிடிப் பூனை கூட இருக்கு. வெள்ளத்தில அதுகளும் கபரகொய்யாவும் பாம்பும் வீட்டு மதிலுக்கு வரும். அடிக்காதீங்க, பிடிக்காதீங்க, பூனைக்குட்டி எண்டு நினைச்சு எடுத்து வளக்கவும் வேணாம், வெளிய போக ஒரு வழி விட்டுத் தள்ளி நில்லுங்கோ, ஆபத்தெண்டா வனஜீவராசிகள் திணைக்களம் 1992.

செத்த மிருகத்தால உடன கொள்ளை நோய் வரும் எண்டு பயந்து டயர் போட்டு எரிக்கத் தேவையில்ல, ஆனா கிணத்துக்குக் கிட்ட புதைக்கக் கூடாது, ஆழமா வெட்டிப் புதைச்சுச் சுண்ணாம்பு போடோணும், கிணத்துக்குக் குளோரின். புதைக்க முதல் ஃபோட்டோ எடுங்கோ, காதில டேக் இருந்தா அந்த நம்பர் தெரியிற மாதிரி. கிராம சேவகரிட்டயும் அரச கால்நடை வைத்தியரிட்டயும் எழுத்தில பதிஞ்சு வையுங்கோ, நட்ட ஈடோ காப்புறுதியோ கேக்கப் போகேக்க “மாடு செத்தது” எண்டு வாயால சொன்னா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க.

சட்டப் பக்கம் பெரிசா நம்ப ஒண்டும் இல்ல. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907ம் ஆண்டுக்காரன், அதில எழுதின தண்டப் பணம் நூறு ரூபாய். புதுச் சட்டத்துக்கான வரைவை சட்ட ஆணைக்குழு 2006ல குடுத்தது, அதுக்குப் பிறகு எத்தனை அரசாங்கம் மாறிட்டுது. 2015ல அனர்த்த ஆபத்தைக் குறைக்கிறதுக்கான ஐநாட செண்டாய் உடன்பாட்டில கால்நடையையும் வேலை மிருகத்தையும் பாதுகாக்கோணும் எண்டு நாடுகள் எழுதி வச்சிருக்கு, இலங்கையும் அதில இருக்கு. மேல இருந்து வரும் எண்டு காத்திருந்தா அடுத்த மே மாசம் தென்மேல் பருவமழை வந்திடும்.

அதனால கிராம சேவகர் பிரிவு மட்டத்தில இப்பவே கேக்கக் கூடியதைக் கேப்பம். எங்கட பிரிவில எத்தனை வீட்டில மிருகம் இருக்கு எண்டு ஒரு லிஸ்ட், ஏப்ரலுக்கு முதல் நாய்த் தடுப்பூசிக்கு ஒரு நாள், முகாமா மாறப்போற பாடசாலையில சைக்கிள் ஷெட்டோ தாழ்வாரமோ ஒண்டு மிருகத்துக்கு எண்டு அதிபரோட கதைச்சு எழுத்தில, கயிறும் வாளியும் மரத்தூளும் அங்கயே ஒரு பெட்டியில. பள்ளிவாசல், கோயில், பன்சல, சேர்ச் நாலு பக்கத்தில இருந்தும் ஒவ்வொருத்தரை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கோ, எந்த மூலை நாய்க்கு, எந்த வழியால கூட்டிக்கொண்டு வாறது எண்டு எல்லாரும் கேட்டு ஒத்துக்கொண்டா மழை நாளில வாசல்ல நிண்டு சண்டை பிடிக்கத் தேவையில்ல. அந்த ஷெட்டுச் சாவி ஆரிட்ட இருக்கு எண்டும், அவர்ட ஃபோன் நம்பரும் எழுதி கிராம சேவகர்ட கந்தோர்க் கதவில ஒட்டச் சொல்லுங்கோ.